மூஞ்சூறு அரிசி தின்னுமா? மஞ்சக்குப்பத்துக் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய ஓட்டு வீடு. கொல்லையில் கிணறு, இரண்டு தென்னை, ஒரு எருக்குழி, கொஞ்சம் நாட்டுக்கோழி. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ராத்திரியில் சமையலறைச் சுவர் ஓரமாக மூஞ்சூறு ஓடுகிறது. அரிசி மூட்டையில் ஓட்டை விழுந்திருக்கிறது. கோழிக்குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது. மாமியார் "பிள்ளையார் வாகனம், கை வைக்காதே" என்கிறார். கணவர் எலி மருந்து வாங்கி வந்துவிட்டார். அது உண்மையில் எதைத் தின்னும், மருந்து வைக்கலாமா, அந்த நாற்றத்துக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அரிசி மூட்டையைக் கடித்தது மூஞ்சூறு இல்லை, எலி. உங்கள் வீட்டில் இரண்டு பிராணிகள் நடமாடுகின்றன. ஒன்று செய்த சேதத்துக்கு இன்னொன்றின் மேல் பழி விழுகிறது. எலி ஆள் அரவம் கேட்டதும் பரண் மேல் ஏறி மறைந்துவிடும். மூஞ்சூறுக்குப் பார்வை மந்தம். விளக்கைப் போட்டாலும் சுவரை ஒட்டியபடியே ஓடிக்கொண்டிருக்கும், வழியில் எதன் மேலாவது முட்டிக்கொண்டால் கிறீச்சென்று கத்தவும் செய்யும். அதனால் கண்ணில் படுவது அதுதான், அடி வாங்குவதும் அதுதான். கோழிக்குஞ்சு விஷயத்தில் மட்டும் அதைச் சந்தேகப்பட இடம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூஞ்சூறு எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. எலி, அணில், பெருச்சாளி எல்லாம் கொறிக்கும் பிராணிகள். மூஞ்சூறு பூச்சி தின்னும் கூட்டத்தில் பிறந்தது; அதற்கு நெருங்கிய சொந்தம் என்றால் தெற்கு மாவட்டங்களின் காய்ந்த காடுகளில் இருக்கும் முள்ளெலியைத்தான் சொல்ல வேண்டும். அந்த முள்ளெலிக்கும் பெயரில்தான் எலி. லின்னேயஸ் 1766இல் பெயர் வைத்த பிராணி இது. இன்றைய அறிவியல் பெயர் சங்கஸ் மியூரினஸ். ஆண் பெரும்பாலும் 50 கிராமைத் தாண்டும், 100 கிராம் வரைகூடப் போகும். பெண் அதைவிடச் சிறியது. இதே பேரினத்தில் சுமார் 2 கிராம் எடையே உள்ள ஒரு குட்டி மூஞ்சூறும் உண்டு. எடைக் கணக்கில் உலகத்திலேயே மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்று அது, இந்தியாவிலும் இருக்கிறது. அதோடு பார்த்தால் நம் வீட்டு மூஞ்சூறு அந்தக் கூட்டத்தில் ஒரு பயில்வான்.

எது எதைத் தின்னும் என்று தெரிய வேண்டுமானால் வாயைப் பார்க்க வேண்டும். விலங்கியல் பாடம் நடத்திய காலத்தில் எலி மண்டையோட்டையும் மூஞ்சூறு மண்டையோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். எலிக்குப் பல் 16தான். முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு உளிப்பற்கள், மஞ்சள் பூத்தவை, சாகும் வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. தேயத் தேய வளரும், வளர வளரத் தேய்க்க வேண்டும். அதனால்தான் மரம், சாக்கு, ஒயர், சோப்பு என்று எதையும் விடாது. உளிப்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் வெறும் இடைவெளி. மூஞ்சூறுக்கு 30 பல். எல்லாமே பொடிப்பொடியாக, வெள்ளையாக, கூர்கூராக இருக்கும். முன்பற்கள் இரண்டும் முன்னுக்கு நீண்டு சாமணம் மாதிரி ஒன்றோடொன்று பொருந்தும். விரலை வைத்தால் குத்தும். கன்னத்தில் எலும்பு வளைவே கிடையாது. நமக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள அந்த வளைவு மூஞ்சூறுக்கு இல்லை. பலமாக மெல்லும் தசைக்குப் பிடிமானம் தருகிற எலும்பு அது. அது இல்லாத வாயால் சணல் சாக்கை அறுக்க முடியாது, கதவு மூலையைக் குடைய முடியாது. பல்லும் எலிக்கு வளர்வதுபோல வளராது. பால் பல் தாய் வயிற்றிலேயே கரைந்துவிடும், பிறகு முளைக்கும் ஒரே செட்தான். தேய்ந்தால் தேய்ந்ததுதான். இரண்டு வருடம் வாழ்ந்துவிட்ட மூஞ்சூறு வெளியில் அபூர்வம்.

அந்தப் பல்லின் வேலை பூச்சியின் ஓட்டைப் பொத்துக் கிழிப்பது. உங்கள் சமையலறையில் அதற்கு முதல் இரை கரப்பான்பூச்சி. பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் துளை இருக்கிறதே, அதன் பக்கத்தில் விளக்கை மங்கலாக வைத்து, அசையாமல் உட்கார்ந்தால் நீங்களே பார்க்கலாம். முதலில் மூக்கு வரும். அந்த நீண்ட மூக்கு ஒரு நொடி சும்மா இருக்காது. மேலே, கீழே, இடம், வலம் என்று துழாவிக்கொண்டே வரும். மீசை முடிகள் தரையையும் சுவரையும் தடவும். கரப்பான் ஒரு சாண் தள்ளி அசையாமல் நின்றால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அதுவே நகர்ந்து மீசையில் பட்டதோ, அடுத்த கணம் வாயில் இருக்கும். தலைப் பக்கமாகக் கடித்து, முன்னங்காலால் அமுக்கி, முறுமுறுவென்று மெல்லும் சத்தம் நமக்கே கேட்கும். சிறகும் முள் உள்ள பின்னங்காலும் அங்கேயே கிடக்கும். காலையில் துளை ஓரத்தில் கரப்பான் சிறகுகள் மட்டும் சிதறிக் கிடந்தால், பெரும்பாலும் ராத்திரி அங்கே மூஞ்சூறு சாப்பிட்டிருக்கிறது.

சந்தேகம் தீர இன்னொரு வழி, கழிவைப் பார்ப்பது. எலிப் புழுக்கை காய்ந்து, தனித்தனியாக, இரண்டு முனையும் கூம்பி, போன வழியெல்லாம் சிதறியிருக்கும். மூஞ்சூறின் கழிவு கறுத்து, பிசுபிசுவென்று, வீச்சத்தோடு, ஏதாவது ஒரு மூலையில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சேரும். பழைய கண்ணாடித் துண்டில் கொஞ்சம் எடுத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். பளபளவென்று பழுப்புத் தகடுகள், பூச்சிக் காலின் கணுக்கள், வண்டின் முதுகோட்டுத் துண்டுகள் தெரியும். பூச்சியின் ஓடு சுலபத்தில் செரிக்காது, அப்படியே வந்துவிடும். இதைச் செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்த கழிவைத் துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

தானியத்தைத் தொடவே தொடாதா என்றால், அப்படிச் சத்தியம் செய்ய முடியாது. சோற்றுப் பருக்கை, தேங்காய்த் துருவல், ரொட்டித் துண்டு கீழே கிடந்தால் கொஞ்சம் தின்னும். மனிதர்களோடு ஒட்டி வாழப் பழகிய பிராணி, கிடைத்ததை ஒதுக்காது. ஆனால் மூட்டையிலிருக்கும் அரிசி அதற்குச் சாப்பாடு ஆகாது. அரிசி மூட்டைப் பக்கம் அதைப் பார்த்தால், அந்துக்கும் வண்டுக்கும் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டை விட்டுக் கொல்லைக்கு வந்தால் அதன் சாப்பாடு இன்னும் விரியும். உங்கள் எருக்குழியைக் கிளறிப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாக, சுருண்டு, விரல் பருமனுக்கு வண்டுப் புழுக்கள் கிடக்கும். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் அதில்தான் முட்டையிட்டுப் புழுவாக வளர்கிறது. பூச்சிப் புழு என்றால் மூஞ்சூறுக்கு விருந்து. எருக்குழி உள்ள வீட்டில் மூஞ்சூறு அதிகம் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. ஈர மண்ணில் மண்புழு, செங்கல் அடுக்குக்குக் கீழே பூரான், தொட்டிச் செடி ஓரத்தில் சில்வண்டு, கத்தரிப் பாத்தியில் பிள்ளைப்பூச்சி, எதுவும் தப்பாது. சின்னத் தவளை, பல்லி, அரணைக் குட்டி கையெட்டும் தூரத்தில் மாட்டினால் அவையும் போகும். எலிக் கூட்டில் கண் திறக்காத குஞ்சுகள் அகப்பட்டால் விட்டுவைக்காது. அதற்காக மூஞ்சூறு இருந்தால் எலி ஒழியும் என்று நம்பி இருக்க வேண்டாம், இரண்டும் ஒரே வீட்டில் வருடக்கணக்கில் இருப்பதை இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பார்க்கிறோம்.

நம் பக்கத்தில் அதன் உணவு பருவத்தோடு எப்படி மாறுகிறது என்பதுதான் எனக்கு எப்போதுமே பிடித்த பகுதி. பங்குனி, சித்திரையில் கெடிலம் ஆறு வறண்டு மணல் தெரியும். மண் இறுகிப் புழு ஆழத்துக்குப் போய்விடும். அப்போது ஈரம் மிச்சமிருக்கும் இடம் மனிதன் தண்ணீர் கொட்டும் இடம் மட்டுமே: கிணற்றடி, குளியலறை, சாக்கடை. கரப்பானும் அங்கேதான் கூடும், மூஞ்சூறும் அங்கேதான் வரும். புதுச்சேரியில் பழைய நகரத்தின் பெரிய வாய்க்காலை ஒட்டிய தெருக்களில் கோடை ராத்திரியில் நடந்தால் அந்தக் கஸ்தூரி வீச்சம் மூக்கில் ஏறும். முதல் மழை விழுந்ததும் நிலைமை தலைகீழ். ஈசல் கிளம்பும். தெருவிளக்குக் கம்பத்தடியில் சிறகு உதிர்ந்த ஈசல் குவிந்து கிடக்கும். பல்லி மேலே பார்த்துக்கொள்ளும், தவளை நடுவில் நிற்கும், மூஞ்சூறு சுவர் ஓரத்தில் விழுந்ததைப் பொறுக்கும். கொழுப்பும் புரதமும் ஓடிப் பிடிக்காமலே கிடைக்கிற ராத்திரி அது. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் வயலில் உழவு நடக்கும்போது வரப்பில் வங்கு வைத்திருக்கும் மூஞ்சூறுகளுக்கும் கலப்பை புரட்டிப் போடும் புழுக்களால் கொண்டாட்டம்.

வடகிழக்குப் பருவமழை வலுத்து வயலும் கொல்லையும் தண்ணீர் கட்டினால் வங்குகள் நிரம்பிவிடும். உலர்ந்த தரை எங்கே இருக்கிறதோ அங்கே எல்லா உயிரும் ஏறும். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்; பாம்பும் எலியும் மூஞ்சூறும் ஒரே திண்ணையில் ஒதுங்கிய நாட்கள் அவை. உங்கள் வீட்டுக்கு ஐப்பசியில் வந்த மூஞ்சூறும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். கொல்லை காய்ந்தால் பாதி திரும்பிப் போய்விடும்.

கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கமும் தேவனாம்பட்டினத்திலும் மூஞ்சூறு கொஞ்சம் வேறு மாதிரிப் பிழைக்கும். மீன் குடல், நண்டு ஓடு, கருவாடு காயப்போட்ட இடத்தில் உதிரும் தூள், அதில் மொய்க்கும் ஈயின் புழு எல்லாம் அதற்குத் தீனி. காயவைத்த கருவாட்டையே கடிப்பதும் உண்டு. அங்குள்ள அம்மாக்கள் அதைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவு ஓயாமல் தின்ன வேண்டிய கட்டாயம் ஏன்? அதன் உடம்பு அப்படி. சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும், இழந்ததை ஈடுகட்டத் தீனி வேண்டும். குடல் குட்டையானது, எலிக்கும் முயலுக்கும் உள்ள குடல்வால் பை இதற்கு இல்லவே இல்லை. தின்றது வேகமாகக் கடந்து போய்விடும். தழை, தவிடு போன்றவற்றை வைத்து நொதிக்கவிட்டுச் சத்து எடுக்க இடமே கிடையாது. உடம்பில் கொழுப்புச் சேமிப்பும் கொஞ்சம்தான். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலே இதன் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள்; உடம்புக் கொழுப்பு கல்லீரலுக்கு வந்து சேருகிறது, அதை அங்கிருந்து வெளியே அனுப்பும் சக்தி அதற்குக் குறைவு. ஆக, ஒரு ராத்திரிக்குப் பல தடவை அது வெளியே வந்தே ஆக வேண்டும். நீங்கள் ராத்திரி பத்து மணிக்குப் பார்த்து, விடிகாலை நாலு மணிக்கும் பார்த்தால், இரண்டு மூஞ்சூறு இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஆய்வுக்கூடம் என்றதும் வியப்பாக இருக்கலாம். ஜப்பானில் 1970களிலிருந்து மூஞ்சூறை ஆராய்ச்சிக்கென்றே வளர்க்கிறார்கள். எலிக்குப் போடும் தானிய உருண்டையில் அது பிழைக்காது. அங்கே அதற்குப் போடுவது மீன் பண்ணையில் டிரவுட் மீனுக்குப் போடும் தீவன உருண்டை! இந்த ஒரு செய்தியே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது. 1987இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் மூஞ்சூறு வாந்தி எடுக்கும் என்பதை எடுத்துக்காட்டி, அதை வாந்தி பற்றிய ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். எலியாலும் சுண்டெலியாலும் வாந்தி எடுக்கவே முடியாது. புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கு வரும் வாந்தியை அடக்கும் மருந்துகளைச் சோதிக்க எலி உதவவில்லை, மூஞ்சூறு உதவியது. லேசாக முன்னும் பின்னும் ஆட்டினால்கூடப் பஸ் பயணத்தில் நமக்கு வருவதுபோல அதற்கும் வாந்தி வருகிறது. வயிறு காலியாக இருக்கும்போது நமக்குக் குடல் இரைகிறதே, அதைத் தூண்டும் மோட்டிலின் என்ற ஹார்மோன் எலிக்கும் சுண்டெலிக்கும் இல்லை, மூஞ்சூறுக்கு இருக்கிறது. பசியின் இயக்கத்தைப் படிக்கவும் அதையே நாடுகிறார்கள். விரட்டி விரட்டி அடிக்கிற ஒரு பிராணி மருத்துவத்துக்கு இவ்வளவு செய்திருக்கிறது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். எலி மருந்து என்று கடையில் தருவது பெரும்பாலும் தானியத்தில் அல்லது மெழுகுக் கட்டியில் கலந்த, ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் விஷம். எலி தின்னும். மூஞ்சூறு அந்தக் கட்டியை நேராகத் தின்பது குறைவு. ஆனால் அதைக் கரப்பானும் எறும்பும் அரிக்கும், அந்தக் கரப்பானை மூஞ்சூறு தின்னும். பூச்சி தின்னும் சிறு பிராணிகளின் கல்லீரலில் இந்த விஷம் தங்கியிருப்பதை வெளிநாடுகளில் கண்டறிந்திருக்கிறார்கள். தள்ளாடும் எலியையும் மூஞ்சூறையும் கூகை பிடித்தால் விஷம் அதற்கும் போகும். காவிரி டெல்டாவில் கூகை கக்கிப் போட்ட உருண்டைகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் வயலெலி எலும்போடு மூஞ்சூறு எலும்பும் கிடைத்திருக்கிறது. பூனை மூஞ்சூறைக் கொல்லும், நாற்றத்தால் பெரும்பாலும் தின்னாமல் போட்டுவிடும். கூகையும் பாம்பும் அந்த நாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையாக இருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது. அது மனிதக் கல்லீரலை அழிக்கும், முறிவு மருந்தும் கிடையாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தக்காளியிலோ தேங்காய்ச் சில்லிலோ அதைத் தடவி வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. இந்த விஷயத்தில் உங்கள் மாமியார் பேச்சைக் கேளுங்கள். மணக்குள விநாயகர் முன்னால் கும்பிட்டுவிட்டு வந்து வீட்டில் விஷம் வைப்பது அவருக்கு ஒப்பவில்லை என்றால், அது எல்லா வகையிலும் சரியான மனசுதான்.

பசை அட்டையும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட மூஞ்சூறு தீனி இல்லாமல் சில மணி நேரத்திலேயே துவண்டு, வதைபட்டுச் சாகும். எலிக்குக் கூண்டுப் பொறி வையுங்கள். வழக்கம்போல மசால் வடையோ தேங்காய்ச் சில்லோ போதும். கருவாடு வைத்தால் மூஞ்சூறு வந்து மாட்டும். மாட்டினாலும் விடியும் வரை விட்டுவைக்காமல், படுக்கப் போகும் முன் ஒரு தடவை பார்த்துக் கொல்லைக் கோடியில் திறந்துவிடுங்கள். பெண் மூஞ்சூறாக இருந்தால் அதற்குக் குட்டிகள் இருக்கலாம். குட்டிகளை அது கூட்டிப்போகும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? தாயின் வாலடியை முதல் குட்டி கவ்வ, அதன் வாலடியை அடுத்தது கவ்வ, வரிசையாக ஒரே கயிறாக நகரும். இருட்டில் பாம்பு என்று பயந்து அடித்தவர்கள் உண்டு.

நல்ல பக்கத்தை மட்டும் சொன்னால் சரியாக இருக்காது. மூஞ்சூறு ஒரு வேட்டைப் பிராணி, அதற்குப் பழகாத இடத்தில் அது பெரும் கேடு செய்யும். தெற்காசியாதான் அதன் சொந்த நிலம். கப்பல் சரக்கோடு அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, மடகாஸ்கர், ரீயூனியன், மொரீஷியஸ் என்று போய்ச் சேர்ந்தது. நம் புதுச்சேரி, கடலூர் மக்களும் கப்பலேறிப் போன அதே தீவுகள். பசிபிக்கில் குவாம் தீவில் 1953இல் முதன்முதலாகக் கண்ணில் பட்டு, சில வருடத்தில் தீவு முழுக்கப் பரவியது. இந்த மாதிரித் தீவுகளில் அரணையும் பல்லியும் இப்படிப்பட்ட எதிரியைக் கண்டதே இல்லை. மொரீஷியஸை ஒட்டிய குட்டித் தீவுகளில் அரிய அரணைகளுக்கு மூஞ்சூறு எமனாக வந்திருக்கிறது. இங்கே பாம்பும் கூகையும் கீரியும் பூனையும் அதைத் தின்றும் கொன்றும் ஒரு கணக்கில் வைத்திருக்கின்றன, நம் அரணைகளும் அதோடு சேர்ந்தே வாழப் பழகியவை.

நோயும் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமியை எலி மட்டுமல்ல, மூஞ்சூறும் சிறுநீரில் வெளியிடக்கூடும். 1964இல் வேலூரில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து, அந்த இடத்தின் பெயரால் தோட்டப்பாளையம் வைரஸ் என்றே பெயர் வைத்தார்கள். எலி போன்ற சிறு பிராணிகளிடம் இருக்கும் ஹன்டா வைரஸ் குடும்பத்தில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது அதுதான் என்று பின்னால் தெரிந்தது. இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. உணவை மூடி வையுங்கள், கழிவுள்ள மூலையில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஊறவிட்டுத் துடையுங்கள், வெறும் கையால் தொடாதீர்கள், அவ்வளவுதான். மூஞ்சூறு கடித்தால் விஷம் ஏறும் என்ற பேச்சு நம் பக்கம் உண்டு. வட அமெரிக்காவில் எச்சிலில் நஞ்சுள்ள மூஞ்சூறு ஒன்று இருப்பது உண்மை, அந்தக் குணத்தை நம் வீட்டு மூஞ்சூறு மேல் ஏற்ற வேண்டாம். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தடுப்பூசி என்ன வேண்டும் என்று அவர் சொல்வார்.

நாற்றம் வருவது அதன் விலாப் பக்கத்துச் சுரப்பியிலிருந்து. பயந்தால் கூடும். துடைப்பத்தோடு துரத்தினால் வீடெல்லாம் வீசும். அது எதற்கு வருகிறதோ அதை எடுத்துவிட்டால் தானாகக் குறையும். ராத்திரி எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டு வைக்காதீர்கள். தண்ணீர் வெளியேறும் துளைக்கு இரும்பு வலை அடியுங்கள், நிலைப்படிக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து இருந்தால் அடைத்துவிடுங்கள். கரப்பான் குறைந்தால் மூஞ்சூறு வருவதும் குறையும். அரிசியைச் சாக்கிலிருந்து எடுத்து மூடியுள்ள தகர டின்னில் கொட்டி வையுங்கள், எலிப் பிரச்சினையிலும் பாதி தீரும். கொல்லையில் மட்டும் அதை இருக்க விடுங்கள். உங்கள் தென்னைக்கும் கத்தரிக்கும் சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கடைசியாகக் கோழிக்குஞ்சு. பொரித்துச் சில நாளே ஆன குஞ்சை மூஞ்சூறு ராத்திரியில் கடித்துக் கொல்லக்கூடும். கீரியோ பூனையோ என்றால் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். குஞ்சு அங்கேயே கிடந்து, கொஞ்சம் மட்டும் தின்னப்பட்டிருந்தால் மூஞ்சூறையோ எலியையோ சந்தேகப்படலாம். பக்கத்தில் புழுக்கை எந்த மாதிரி என்று பாருங்கள், தெரிந்துவிடும். பஞ்சாரத்தை வெறும் மண் தரையில் கவிழ்த்தால் அடியில் சந்து இருக்கத்தான் செய்யும். குஞ்சும் தாயும் தூங்கும் பஞ்சாரத்தை ராத்திரி ஒரு பலகை மேல் கவிழ்த்து, சுற்றிலும் சாக்கைச் சுருட்டி வையுங்கள். கூண்டாக இருந்தால் அடிப்பக்கம் ஒரு அடி உயரத்துக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள வலையை அடித்து, நாலு விரற்கடை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். அரை அங்குல வலையில் இளம் மூஞ்சூறு நுழைந்துவிடும். கூண்டுக்குள் சிந்திய குருணையைச் சாயங்காலமே கூட்டி எடுங்கள், அதற்குப் பூச்சி வரும், பூச்சிக்கு மூஞ்சூறு வரும். குஞ்சு கொஞ்சம் வளர்ந்து இறகு முளைத்துவிட்டால் பிறகு மூஞ்சூறு அதன் பக்கம் போகாது. அதற்கப்புறம் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது கீரியைத்தான்.